பெட்டிக்கு வெச்ச பொட்டு

இந்தக் கேனைச் சித்த உன்ற மடியில வெச்சுக்கறயா அம்மிணி? பஸ்ஸுப் படியேறுறப்ப சேலை மாட்டி மடிப்பெல்லாம் அவுந்து கெடக்குது, சரி பண்ணிக்கறேன். கீழ வெச்சுப் போடாத. தீர்த்தம். ஆறு கூடற கூடுதொறையில இடுப்புத் தண்ணிக்கு எறங்கி நின்னு மொண்டது. எவனாச்சும் செருப்புக்காலோட மிதிச்சுட்டான்னா அப்பறம் அதைத் தீர்த்தம்னு சொல்ல முடியுமா? மூடி கொஞ்சம் லூசு, பாத்துப் புடி. ஆமா, உன்ற போனை அக்கட்டால வெச்சுரு. ஒரு சொட்டு உள்ள போனாப் போதும், அப்பறம் அது ஒண்ணுக்கும் ஆகாது. எங்க கோகிலா போனு பாத்திரம் கழுவறப்ப நனைஞ்சு போச்சு. அரிசிக்குள்ள பொதைச்சு வெச்சா, வெயில்ல காய வெச்சா, என்னென்னமோ பண்ணிப் பாத்தா. செத்தது செத்ததுதான்.

அதா பாரு, ட்ரைவருக்கு முன்னால மஞ்சளா ஒரு லைட்டு எரியுதே, தெரியுதா? அதைப் பாத்தாலே எனக்கு ஆகறதில்லை. நெசமாத்தான் சொல்றேன். இந்த வண்டியிலயும் இன்ஜினுக்குப் பக்கத்துல அந்தப் பெட்டியக் கொண்டாந்து வெச்சிருக்கானுங்க, அதுதான் லைட்டை எரிய உடறது. எந்த வண்டிய எடுத்தாலும் பெட்டி. காரு, லாரி, பைக்கு, எல்லாத்துலயும். ஏரோப்பிளேன்ல கூட இருக்குதாமா, சின்னச் சின்ன ஏரோப்பிளேன் எல்லாம் இதை நம்பித்தான் பறக்குதாமா. எங்க பக்கத்தூட்டு வாத்தியார் சொன்னாரு. கேட்டதுல இருந்து மேல ஏரோப்பிளேன் சத்தம் கேட்டா நான் ஊட்டுக்குள்ள போயிருவேன்.

நீ அந்தியூரா? அப்ப எங்க வண்டியப் பாத்திருப்பே. பச்சியம்மன் மினி பஸ்ஸு. அந்தியூர்ல இருந்து கரட்டுப்பாளையம், நடுவுல ஊஞ்சக்காடு. ஆ, அதேதான். வழியில நின்னுட்டே இருக்கற வண்டி. பாத்தயா, ஊரு ஒலகத்துக்கே அப்புடித்தான் அடையாளம் சொல்ல வேண்டியதா இருக்குது. சிரிக்காத. எங்க ஊட்டுக்காரரு இருந்த காலத்துல அந்த வண்டிய வெச்சுத்தான் கடியாரம் பாப்பாங்க.

அவரு போனப்பறம் வண்டிய ஓட்டுனது என்ற கொழுந்தன், மயில்சாமி. கொழுந்தன்னு பேருக்குத்தான். நான் கண்ணாலம் ஆகி அந்த ஊட்டுக்குப் போறப்ப அவன் ட்ரவுசரு போட்டுட்டு மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சான். மாமியாக்காரி படுத்த படுக்கை. அவனுக்குத் தலை சீவி, சோறு போட்டு, பள்ளிக்கொடம் தாட்டி உட்டது நாந்தான். எனக்குக் கொழந்தை குட்டி இல்லை, அது போகட்டும், அதை இப்ப எதுக்குப் பேசிட்டு. அவனுக்குப் பொண்ணு பாத்து கண்ணாலம் பண்ணி வெச்சதும் நாந்தான். அந்தப் பொண்ணுதான் கோகிலா. ஒரே ஊட்டுல, ஒரே அடுப்புல இருந்தோம்.

பழைய வண்டி இருந்துச்சு பாரு, அதுல பெட்டியும் கெடையாது, கருமமும் கெடையாது. டீசல் ஊத்துனா ஓடும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெடியால பானெட்டைத் தெறந்து, மஞ்சத்தண்ணி கலக்கி, வேப்பந்தழை போட்டு, செம்பு செம்பா ஊத்துவேன். இன்ஜினுக்குத்தான். ஓடற தெய்வமல்லோ அது, நமக்குச் சோறு போடுறதல்லோ. அப்பறம் சந்தனம், குங்குமம், ஊதுவத்தி, டயருக்கு எலுமிச்சங்காய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்லை. நான் சொல்றதைக் கேளு, பூசை போட்டுத்தான் அந்த வண்டி அத்தனை வருசம் ஓடுச்சு.

அப்பறம் வயசாயிப் போச்சு, இனி எப்.சி. குடுக்க மாட்டோம்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிப் போட்டான். என்ற வளையலு, கோகிலா சங்கிலி, எல்லாத்தையும் வித்துப் புது வண்டி எடுத்தோம். எடுக்கப் போனப்ப ஷோரூம்ல ஒருத்தன் வந்து பானெட்டைத் தெறந்து காட்டுனான். கழுத்துல பட்டையோட கார்டு ஒண்ணு தொங்குது, வாய் நிறைய சிரிப்பு. இன்ஜினுக்குப் பக்கத்துல இருந்த ஒரு பெட்டியத் தொட்டுக் காட்டி, "இதுதாங்கம்மா வண்டிக்கு மூளை. எவ்வளவு டீசல் போகணும், எப்பப் போகணும், எல்லாம் இதுதான் முடிவு பண்ணும். இதை மட்டும் நல்லாப் பாத்துக்கங்க"ன்னான்.

பாத்துக்கலைன்னு எவனாச்சும் என்னைச் சொல்லட்டும் பாக்கலாம்.

பழைய வண்டிக்கு ஒரு செம்பு ஊத்துனா, இதுக்கு மூணு செம்பு ஊத்துனேன். மொதல்ல பெட்டிக்கு, அப்பறந்தான் மத்ததுக்கு. பெட்டிக்கு மேல வட்டமா, சின்னதா ஒரு எடம் இருந்துச்சு அம்மிணி, பொட்டு வைக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி. நடுவுல ஊசி போற அளவுக்கு ஒரு ஓட்டை. அதுல சந்தனத்தைக் கொழைச்சு அப்பி, நடுவுல குங்குமம் வெப்பேன். பாக்கறதுக்கு அம்மன் மொகமாட்டவே இருக்கும். வயரு வந்து சொருகற எடமெல்லாம் அழுக்கா இருக்கும், அங்கயும் மஞ்சத்தண்ணிய உட்டு வெரலாலே தேச்சு உடுவேன். பெத்த புள்ளைக்குக் கூட அத்தனை பக்குவமாத் தண்ணி வாத்திருக்க மாட்டாங்க.

அதுக்கு அந்தப் பெட்டி எனக்குப் பண்ணுன நன்றியக் கேளு. வெள்ளிக்கிழமை வெடியால பூசை போட்டுத் தாட்டி உடுவேன். ஊஞ்சக்காடு தாண்டறதுக்குள்ள மஞ்ச லைட்டு எரியும். அப்பறம் எத்தனை மிதிச்சாலும் வண்டி போகாது. மாட்டு வண்டிக்காரன் முந்திட்டுப் போவான். நெரிச்சு மிதிச்சா நின்னே போயிரும். சனிக்கெழமையும் அதே சீக்கு. திங்கக்கெழமை ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும், லைட்டு கூட எரியாது. வியாழக்கெழமை வரைக்கும் எந்தக் கொறையும் இல்லை. மறுபடியும் வெள்ளிக்கிழமை வரும்.

வெள்ளிக்கிழமைன்னா எங்க பக்கம் சந்தை. கூட்டம் அள்ளும். அன்னைக்குன்னு பாத்து நிக்குதுன்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு. அதே ரோட்டுல சடையப்பன்னு ஒருத்தன் மினி பஸ்ஸு ஓட்டறான். எங்க வண்டி நின்னா, அவன் வண்டியில டாப்புல கூட ஆளு ஏறும். எங்க வண்டியக் கடந்து போறப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போவான், நாயி.

சர்வீஸுக்குக் கொண்டு போனோம். ச்சீ, அந்த எடத்தை நெனைச்சாலே அருவருப்பா இருக்குது. ஏசி போட்ட ரூம்ல நம்மளை ஒக்கார வெச்சு, காப்பின்னு சொல்லி ஒரு தண்ணியக் குடுப்பான். உள்ள ஒரு பொடுசு, மீசை கூட ஒழுங்கா மொளைக்கலை, ஷூ போட்ட காலோட சாமி படம் இருக்கற வண்டிக்குள்ள ஏறி ஒக்காந்து, லேப்டாப்புல இருந்து வயரை எடுத்துச் சொருகுவான். பானெட்டுல கை வெக்க மாட்டான். கையில கிரீஸு பட உட மாட்டான். லேப்டாப்பு என்னமோ சொல்லும், அவன் மண்டைய ஆட்டுவான். "எரர் அழிச்சுட்டோம், எடுத்துட்டுப் போங்க"ம்பான். அழிச்சா? எழுதி வெச்சதை அழிச்சாப் போச்சா? வயித்துவலின்னு போறவனுக்கு டாக்டரு வலின்னு எழுதி அழிச்சுட்டா வலி போயிருமா? இத்தனைக்கும் நாங்க கொண்டு போறது செவ்வாய்க்கெழமை. அன்னைக்கு அது நல்லாத்தான் இருக்கும்.

ஒரு தடவை அந்தப் பொடுசு வயரைக் கழட்டிப் பாத்துப் போட்டு, உள்ளுக்குள்ள களிம்பு ஏறியிருக்குதுன்னான். பச்சையா, பழைய பித்தளைப் பாத்திரத்துல புடிக்குமே, அதே களிம்பு. நானும் எட்டிப் பாத்தேன். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. புதுப் பெட்டின்னு சொல்லிக் களிம்பு புடிச்ச பழைய பெட்டிய மாட்டி உட்டிருக்கானுங்க. நல்லா வாங்கு வாங்குன்னு வாங்குனேன். அதுக்கு அவன், "வண்டி இன்ஜினைக் கழுவறீங்களாம்மா"ன்னு கேக்கறான். கழுவறதுக்கு ஆளு செவ்வாய்க்கெழமை வர்றான், வெளிய மட்டுந்தான் கழுவுவான், இன்ஜினைத் தொட மாட்டான்னு சொன்னேன். உண்மையத்தான சொன்னேன்? பூசைய எதுக்கு அவன்கிட்டச் சொல்லணும்? ஷூ போட்டுட்டு சாமிகிட்ட ஏறுறவனுக்குப் பூசையப் பத்தி என்ன தெரியும்? அது என்ன கழுவறதா?

நீ என்ன படிச்சிருக்கே அம்மிணி? ... எலக்ட்ரானிக்ஸா? அட சாமி. இந்தக் கெரகத்தைப் படிக்கறதுக்குன்னு ஒரு காலேஜு வேறயா. கோவிச்சுக்காத. உன்னைச் சொல்லலை. என்னமோ சொல்ல வர்றே, இரு, நான் முடிச்சுக்கறேன், விட்டா மறந்து போயிரும்.

பத்தாவதுப் பரீட்சை வந்துச்சு. அதுலயும் ஒரு வெள்ளிக்கிழமை. கணக்குப் பரீட்சை. பொடுசுகளெல்லாம் நம்ம வண்டியிலதான் ஏறும், சின்னதுல இருந்து அப்புடித்தான். அன்னைக்குப் புள்ளைங்க பரீட்சையாச்சேன்னு நான் வழக்கத்தை விட ஒரு செம்பு எச்சா ஊத்தி, நல்லா வேண்டிக்கிட்டுத் தாட்டி உட்டேன். ஊஞ்சக்காட்டுக் கரட்டுல நின்னு போச்சு. மஞ்ச லைட்டு கூட இல்லை, செவப்பு. செல்ப் எடுக்கவே இல்லை. புள்ளைங்க எறங்கி ஓடுச்சுங்க. சடையப்பன் வண்டி அதுக்கு முன்னாலயே போயிருச்சு. ஒரு புள்ளை, நல்லாப் படிக்கற புள்ளை, நேரங்கழிச்சுப் போய் அழுதுட்டே எழுதியிருக்குது. சாயங்காலம் அதோட அம்மா எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னா. கத்துனான்னா நானும் கத்தியிருப்பேன். கத்தலை. "உங்க வண்டிய நம்பித்தானக்கா அனுப்புனேன்"ன்னு மட்டும் சொல்லிப் போட்டுப் போயிட்டா.

அன்னைக்கு ராத்திரி படுத்துட்டு யோசனை பண்ணுனேன். எனக்குள்ள அந்தச் சந்தேகம் அப்பத்தான் பூந்துச்சு. வண்டி ஊட்டு வாசல்ல இருக்கற வரைக்கும் நல்லா இருக்குது, மயில்சாமி ரோட்டுக்கு எடுத்துட்டுப் போனதும் நிக்குது. அதுவும் சந்தை நாளாப் பாத்து நிக்குது. யாருக்கு லாவம்? சடையப்பனுக்கு. ரெண்டு நாள் முன்னாலதான் அவனும் சடையப்பனும் ஒரே கடையில டீ குடிச்சுட்டு நின்னதை என்ற கண்ணால பாத்தேன். கேட்டா, "ஒரே ரோட்டுல ஓட்டறோம், டீ குடிச்சா என்ன அண்ணி"ங்கறான்.

அது கூடப் போகட்டும்னு இருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பானெட்டைத் தெறக்கறேன், அந்தப் பெட்டிய எங்கயும் காணோம். பிளாஸ்டிக் கவரைப் போட்டு, டேப்பு வெச்சுச் சுத்தோ சுத்துன்னு சுத்தி, வயரு போற எடத்தையெல்லாம் மூடி வெச்சிருக்கான். வியாழக்கெழமை ராத்திரி எனக்குத் தெரியாமப் பண்ணியிருக்கான். எதை மறைக்கறான்? சாமி மொகத்தை எவனாச்சும் கவரு போட்டு மூடுவானா? பிச்சு எறிஞ்சேன். பிச்சு எறிஞ்சுட்டு நல்லா, வழக்கம் போல, மஞ்சத்தண்ணிய ஊத்தி, கவரு போட்ட பாவத்துக்குன்னு இன்னொரு செம்பும் ஊத்துனேன். அன்னைக்கு வண்டி ஸ்டேண்டை விட்டே நகரலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பச்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க பக்கம் எது ஒண்ணும் அங்கதான் தீரும். தட்டுல கற்பூரத்தை ஏத்தி வெச்சு, வண்டியில நான் கை வெக்கலைன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னேன். பூசாரி இருந்தாரு, ஊர்ச்சனம் நாலு பேரு இருந்தாங்க. கோகிலா இடுப்புல கொழந்தையோட நின்னுட்டு இருந்தா. அவன் என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னான் அம்மிணி. நான் சோறு ஊட்டுனப்ப பாப்பானே, அதே பார்வை. அப்பறம் உள்ளங்கைய வெச்சு, எரியற கற்பூரத்தை அடிச்சான். சாதாரணமாத் தட்டிப் போட்டு எடுத்துருவாங்க. இவன் அப்படியே அமுக்கிப் புடிச்சுட்டு நின்னான். எடுக்கறப்ப கையி கருகி, தோலு தட்டுல ஒட்டிக்கிச்சு.

கைய மூடிக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணி, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி மேல தண்ணி ஊத்தாம இருங்க. அன்னைக்கும் வண்டி நின்னா, நாந்தான் பண்ணுனேன்னு வெச்சுக்கங்க."

அம்மன் முன்னால நின்னுட்டு. கற்பூரம் அணைஞ்ச சூடு ஆறலை. பூசைய நிறுத்துங்கறான். நான் வளத்த புள்ளை வாயில அந்தச் சொல்லு வந்துச்சேன்னு எனக்கு அத்தனை வெறுப்பு. இனி என்ற மொகத்துல முழிக்காதன்னு சொன்னேன். சொல்லுவாங்கல்லோ, கோவத்துல எல்லாரும் சொல்லுவாங்க. சொன்னா, போயிர்றதா? மறுநாள் வெடியால எந்திரிச்சுப் பாக்கறேன், ஊட்டுல ஒருத்தரும் இல்லை. தொட்டில் கட்டியிருந்த கயிறு மட்டும் விட்டத்துல தொங்குது. திருப்பூர்ல ஏதோ கம்பெனிக்கு வேன் ஓட்டறானாம்.

புது ட்ரைவரைப் போட்டேன். வெளியூர்க்காரன். சடையப்பன் யாருன்னே அவனுக்குத் தெரியாது. மொத வெள்ளிக்கிழமையே ஊஞ்சக்காட்டுக் கரட்டுல நின்னு போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமையும் நின்னுது. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, மயில்சாமி மேல தப்பே இல்லைன்னு. எல்லாம் அந்தப் பெட்டி பண்ணுன வேலை. ஒரு குடும்பத்தைக் கலைச்சுப் போட்டுது அம்மிணி, உள்ளங்கை அகலம் இருக்கற ஒரு பெட்டி. அதைப் படைச்சவனை, வித்தவனை, லேப்டாப்புல அழிச்சவனை, எல்லாரையும் கற்பூரம் அடிக்க உடோணும்.

அதான் ஷோரூம்காரன்கிட்டச் சண்டை போட்டு, இருந்த நெலத்தை அடகு வெச்சு, புதுப் பெட்டி மாத்திட்டேன். இன்னைக்குக் காலையில மாட்டியாச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாதாத் தண்ணியெல்லாம் இனி ஆகாதுன்னுதான் கூடுதொறைக்கே வந்தேன். மொதப் பூசைய நல்ல தீர்த்தத்துல போட்டாத்தான் அதுக்குப் புத்தி வரும். முழுக் கேனும் அதுக்குத்தான். நாளைக்கு வண்டி நிக்காம ஓடிருச்சுன்னா, சாயங்காலமே திருப்பூர் பஸ் ஏறிருவேன். வா சாமி, பெட்டிதாண்டா தப்பு, மாத்திப் போட்டேன், ஊட்டுக்கு வான்னு கூப்பிடுவேன். வண்டி ஓடாம எந்த மொகத்தை வெச்சுட்டுப் போறது? கோகிலா மூஞ்சியப் பாத்து என்னன்னு சொல்றது? அந்தக் கொழந்தை இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும்.

இப்பச் சொல்லு. அப்பவே என்னமோ சொல்ல வந்தயே.

... என்ன, போனைத் தூக்கிக் காட்டறே?

அதுக்கும் இதுக்கும் என்ன? அது போனு. பேசறது. இது இன்ஜினு, இரும்பு. ... உள்ள ரெண்டும் ஒண்ணா? யாரு சொன்னா?

சித்த இரு அம்மிணி, அந்தப் போனை இப்புடிக் குடு, பாக்கறேன்.

இல்லை. அப்புடி இருக்காது. நீயும் மயில்சாமியாட்டவே பேசறே, ரெண்டு பேரும் ஒரே எடத்துல படிச்சீங்களா? அவன் பத்தாவது கூடத் தாண்டலை. இருக்காது. இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அவன் கையி எதுக்குக் கருகுச்சு? சொல்லு பாக்கலாம். எதுக்கு? நான் வளத்த கையி அது. பெட்டிதான். களிம்பு புடிச்ச பெட்டி. மாத்தியாச்சு. அவ்வளவுதான், இனி அதைப் பத்திப் பேச்சில்லை.

ஸ்டாப்பு வந்துருச்சு, எந்திரிக்கறேன். கேனைக் குடு. மூடிய அமுக்கிப் புடி, சிந்தப் போவுது. குடு. ... கைய எடு அம்மிணி. என்ன இப்புடிக் கட்டிப் புடிச்சுட்டிருக்கே, கண்டக்டரு விசில் ஊதறான். உடு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும், கேனை உடு. நாளைக்கு வண்டி ஓடுனாத்தான் நான் திருப்பூர் போக முடியும்.